விசில் அண்ணாச்சி

விசில் அண்ணாச்சிக்குச் சம்பளம் கிடையாது. அதனால் லீவும் கிடையாது. இலஞ்சியோ மேலகரமோ ஆய்க்குடியோ சுரண்டையோ, தென்காசி வட்டாரத்தில் பையன்கள் கபடி ஆடும் எந்த ஊருக்குப் போனாலும் அவர் இருப்பார். பகலில் அரிசிக் கடை, கொத்தனார் வேலை, வாழைத்தார் வியாபாரம் என்று ஏதோ ஒரு சோலி. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கழுத்தில் விசில் ஏறிவிட்டால் ஆளே வேறு. கீழே மடித்துக் கட்டிய சாரம், மேலே என்றைக்கோ ஒரு மின்னொளிப் போட்டியில் கொடுத்த பனியன். அதைக் கொடுத்த காலத்தில் அவருக்குத் தொந்தி இல்லை என்பதைப் பனியனே சொல்லிவிடும்.

அவருடைய பழைய ஆட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது ஊரில் இல்லை. இது அவருக்கு ஒரு வசதி. கபடி வீரர் மணத்தி கணேசன் 1994-இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்தார். மறு ஆண்டு அர்ஜுனா விருது வாங்கினார். இது ஊரறிந்த சரித்திரம். இவரையும் சேர்த்து, அந்த மனிதரோடு ஒரே களத்தில் ஆடியதாகச் சொல்லிக்கொள்ளும் அண்ணாச்சிமாரை எல்லாம் கூட்டினால் இரண்டு மாவட்டத்துக்கு அணி போடலாம். கணேசன் வாழ்க்கையைத் தழுவி 2025-இல் ‘பைசன்’ படம் வந்த பிறகு இந்த எண்ணிக்கை இன்னும் ஏறிவிட்டது. முன்பு “கூட ஆடினேன்” என்றவர்கள் இப்போது “காலப் பிடிச்சு நிப்பாட்டினேன்” என்கிறார்கள்.

அண்ணாச்சியின் மூச்சும் பேச்சும் ஒற்றுமைதான். பையன் தண்டால் ஒழுங்காக எடுக்காவிட்டாலும் பொறுத்துக்கொள்வார். தண்ணீர் பாட்டிலைப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்காமல் குடித்தால் அன்றைக்குப் பதினைந்து சுற்று. ஒற்றுமையை வளர்க்க ஆனி ஆடிச் சீசனில் அணியைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போவது அவர் வழக்கம். ஐந்தருவிக்கு எதிரே ஈரத் துண்டோடு வரிசையாக நிற்கவைத்துப் பாடம் தொடங்கும்.

“பாருங்கலே. மேல அஞ்சாப் பிரிஞ்சு விழுது. கீழ வந்ததும் ஒண்ணாச் சேந்து ஓடுதா இல்லையா? டீம்னா அப்படித்தாம்லே இருக்கணும்.”

“நாம ஏழு பேருல்லா அண்ணாச்சி?”

அண்ணாச்சி ஒரு கணம்தான் தடுமாறுவார். “மிச்சம் அஞ்சு பேரு வெளிய உக்காந்திருக்கான்ல? அவனுகளுக்குச் சொன்னேன்.”

மெயின் அருவியில் நடந்த கதை வேறு. அங்கே கூட்டத்தை ஒழுங்குபடுத்தப் போலீஸ்காரர் விசில் ஊதுவார். தன் பையன்களை வெளியே வரச்சொல்லி அண்ணாச்சி ஊதிய ஊதலில், தலையில் எண்ணெய் வழிய நின்ற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் போலீஸ் என்று பயந்து கரையேறிவிட்டார்கள். உள்ளே நின்றவர்கள் அவருடைய பையன்கள் மட்டும்தான். அந்த விசிலை மதிக்க வேண்டியதில்லை என்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

இவ்வளவு சிரிப்புக்கு நடுவே அண்ணாச்சிக்கு ஆட்டம் தெரியும் என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா அணியிலும் ஒரு போனஸ் மன்னன் உண்டு. பாடிப் போவான்; எதிர்க்களத்தில் ஆறு பேருக்குக் குறையாமல் நின்றால் போனஸ் கோட்டைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டு ஓடிவருவான்; கூட்டத்தைப் பார்த்துத் தொடையைத் தட்டுவான். அண்ணாச்சிக்கு இவனைக் கண்டால் ஆகாது. கபடியில் அவுட் ஆனவன் வெளியே போய் உட்காருவான். கூட ஆடுகிறவன் தொட்டோ பிடித்தோ புள்ளி எடுத்தால் அவனுக்கு உயிர் வந்து உள்ளே வருவான். போனஸ் புள்ளிக்கு அந்த உயிர் கிடையாது.

“நீ போனஸ் எடுத்தா போர்டுல ஒண்ணு ஏறும், சரி. வெளிய உக்காந்திருக்க மூணு பேரும் உள்ள வருவானாலே?”

மறுநாள் பயிற்சியில் மன்னன் முதல் ஆளாக வெளியே உட்கார வேண்டும். மற்றவர்கள் போனஸ் மட்டும் எடுக்க வேண்டும். சாரல் முதுகில் ஊசியாகக் குத்த, செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் நடுங்கிக்கொண்டு, தனக்கு எவனாவது உயிர் கொடுப்பானா என்று அவன் கால் மணி நேரம் காத்திருப்பான். அதற்குமேல் அவனுக்கு உபதேசம் தேவைப்படாது.

உபதேசம் அண்ணாச்சிக்குத்தான் தேவைப்படும். சப்-ஜூனியர் ஆட்டத்தில் பாதிக்குப் பதினைந்து நிமிடம், நடுவே ஐந்து நிமிட இடைவேளை. அந்த ஐந்தில் நாலரையை அவர் எடுத்துக்கொள்வார். 1990-இல் பெய்ஜிங்கில் தொடங்கி ஏழு ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து தங்கம் வாங்கிய இந்தியா, 2018-இல் ஜகார்த்தா அரையிறுதியில் ஈரானிடம் 27-18 என்று தோற்றதே, அங்கிருந்து ஆரம்பிப்பார். “நம்ம ஆளு அத்தனை பேரும் ஸ்டாரு. அவன் கையக் கோத்துச் செயின் போட்டான். கோத்த கைய விடல. ஸ்டாரு என்ன செய்வான்?” அவர் ஜகார்த்தாவிலிருந்து திரும்பி வருவதற்குள், கீழே எலுமிச்சம்பழத் துண்டைக் கைமாற்றும் சாக்கில் இடது கார்னர் பையன் வலது கவரிடம் கண்ணைக் காட்டி, எதிரணி ரெய்டரை எந்தப் பக்கம் மடக்குவது என்று முடிவுசெய்திருப்பான். நடுவர் ஊதுவார். “நான் சொன்னது புரிஞ்சுதாலே?” என்பார் அண்ணாச்சி. “புரிஞ்சுது அண்ணாச்சி” என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள்.

அவர் வளர்த்த ஒற்றுமையின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எடை பார்க்கும் காலையில் போக வேண்டும். ஒரு சப்-ஜூனியர் போட்டிக்கு 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று கணக்கு. முந்தின நாளே உத்தரவு போட்டிருப்பார்: “பார்டர் புரோட்டாக் கடைப் பக்கம் எவனும் தலைவச்சுப் படுக்கக் கூடாது.” அருவியில் குளித்துவிட்டு வருகிறவன் வயிற்றுக்கு, செங்கோட்டை ரோட்டில் புரோட்டாக் கல்லின் சத்தம் கேட்கும்போது, எந்த உத்தரவு நிற்கும்?

காலையில் தராசில் இடது கார்னர் 55 கிலோ 400 கிராம்.

“ராத்திரி என்னலே தின்ன?”

“ரெண்டு இட்லி, அண்ணாச்சி. தேங்காச் சட்னி.”

அடுத்தவனிடம் கேட்டார். ரெண்டு இட்லி, தேங்காச் சட்னி. பன்னிரண்டு பேரும் அதே இட்லி, அதே சட்னி. பேசும்போதே கையில் நாட்டுக்கோழிச் சால்னா மணந்தது. ஆனாலும் அண்ணாச்சி கிண்டிக் கிளறவில்லை. பார்டரில் கடைசி மேசையில், சுவரைப் பார்த்து உட்கார்ந்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நாலாவது புரோட்டாவைப் பிய்த்தவர் யார் என்பதை அந்தப் பன்னிரண்டு பேரும் பார்த்திருந்தார்கள். அதைப் பற்றியும் ஒருவன்கூட வாயைத் திறக்கவில்லை.

400 கிராமைக் கரைக்க இடது கார்னரை ஓடச் சொன்னார். அவன் கிளம்பியதும் மற்ற பதினொரு பேரும் யாரும் சொல்லாமலே கூட ஓடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து முள் 55-இல் நின்றது. அண்ணாச்சி விசிலை எடுத்துப் பனியனில் துடைத்துக்கொண்டார்.

“பொய்தான். இருக்கட்டும். பன்னெண்டு பேரும் ஒரே சட்னியச் சொன்னிய பாத்தியளா, எனக்கு அது போதும்லே. இன்னைக்கு எவன் வந்தாலும் நம்ம செயின் அறாது.”