பழமைக்குப் புதுமெருகு

காரைக்குடிப் பக்கத்தில் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிப் பூக்கல்லும் கொண்டு முன்னோர் எழுப்பிய மாளிகையொன்றைப் பழமை கெடாமல் நவீனமாக்கியிருக்கும் உள்ளலங்கார நிபுணரின் ஞானத்தை எவ்வளவு சிலாகித்தாலும் தகும். முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசித் தலைமுறைகளாக மின்னிய சுவரின்மேல், அதே மினுமினுப்பை அச்சடித்த காகிதத்தை ஒட்டியது அவர் காட்டிய முதற் பக்தி. வளவு முற்றத்தில் மழை விழுவது உத்தமமான மரபுதான். ஆயினும் சோபா நனையுமே என்று மேலே கண்ணாடி வேய்ந்து, மரபுக்குப் பங்கமின்றி ஒலிபெருக்கியில் மழைச் சப்தம் பெய்யச் செய்தார். வற்றல் காயப்போட இடம் கேட்ட அப்பத்தாவை, வர்ணப் பொருத்தம் கருதி, சென்னைக்கு அனுப்பியாயிற்று. இச்செலவுகளுக்காகத் தேக்குத் தூண்களை விற்க நேர்ந்ததிலும் விசனமில்லை: பழம்பொருட் கடையில் அசல் செட்டிநாட்டுத் தூண்கள் மும்மடங்கு விலைக்குத் தெய்வாதீனமாகக் கிடைத்தன, பழைய பீடக்கற்களில் அவை இம்மியும் பிசகாமல் பொருந்தியதைத் தம் அளவெடுப்பின் வெற்றியென்றே நிபுணர் கருதுகிறார்.