மூவாயிரம் கிராஃப்ட் முதலாளி

சித்திரை மாதத்துச் சென்னையில், லிஃப்டுக்குள் வந்த பிறகும் தொப்பியைக் கழற்றாத மனிதரைப் பார்த்தால் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். உங்கள் முழங்கை, பை, குடை எதுவும் அவர் தலையில் பட்டுவிடக்கூடாது. அந்தத் தளர்வான துணித் தொப்பிக்குக் கீழே ஒரு புல்லட் வாங்குகிற காசு இருக்கிறது.

தொப்பி இல்லாவிட்டாலும் நடையை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். தலையில் நிறைகுடம் இருப்பதுபோலக் கழுத்தை ஆட்டாமல் வருவார். கார் கதவைத் திறந்ததும் சட்டென்று ஏறமாட்டார்; மேல் விளிம்பை ஒரு கையால் பொத்திக்கொண்டு, இடுப்பை முதலில் உள்ளே அனுப்பிவிட்டு, தலையைக் கடைசியில் இறக்குமதி செய்வார். கம்பெனி பெயர் போட்ட ரவுண்ட் நெக் டீஷர்ட்டிலேயே வாழ்ந்தவர், அப்பாவின் அரைக்கைச் சட்டைக்கு மாறியிருப்பார். தலைவழியாக மாட்டுகிற எதுவும் ஆகாது என்பது டாக்டர் உத்தரவு. ஹெல்மெட்டும் ஆகாது, அதனால் பைக் வாசலில் தூசு படிந்து நிற்கிறது. ஆட்டோவில் போனால் வேளச்சேரியிலிருந்து தரமணி வரை, “அண்ணே, ஸ்பீட் பிரேக்கர்... பாத்து, பாத்து” என்று சொல்லிக்கொண்டே வருவார். பிரசவ கேஸ் எதையும் ஏற்றவில்லையே என்று டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்வார்.

இவர் ஒரு முழுப் பகலும் கிளினிக் மேசையில் கிடந்தவர். முதலில் மொட்டையடித்து, குப்புறப் போட்டு, மரத்துப்போகும் ஊசி குத்தி, பின்மண்டையிலிருந்து வேர் வேராகத் தோண்டியெடுத்தார்கள். பிறகு மல்லாத்திப் போட்டு, முன்மண்டையில் துளை போட்டு அதையெல்லாம் வைத்தார்கள். ஒரு வேர்க்கொத்துக்குப் பெயர் கிராஃப்ட். ஒன்றில் ஒற்றை முடியும் இருக்கலாம், மூன்று நாலும் இருக்கலாம். நம் ஆள் வைத்துக்கொண்டது மூவாயிரம்.

எப்பேர்ப்பட்ட வழுக்கைக்கும் பின்மண்டை முடி மட்டும் அசைவதில்லை என்பதை உலகத்துத் தாத்தாக்கள் எல்லாரும் தலையில் எழுதி வைத்துக்கொண்டுதான் நடமாடினார்கள். அந்த முடியைப் பிடுங்கி முன்னால் நட்டாலும் பின்மண்டைக் குணம் போகாது, உதிராது என்று நியூயார்க்கில் நார்மன் ஓரென்ட்ரைக் என்ற டாக்டர் செய்து காட்ட 1952 ஆக வேண்டியிருந்தது. அதற்கும் முன்னால், 1939இல், ஜப்பானில் ஷோஜி ஒகுடா என்ற டாக்டர் தழும்பேறிய தலைகளில் முடி நட்டு, விவரமாகவும் எழுதினார். எழுதியது ஜப்பானிய மொழியில். பின்னாலேயே உலகப் போரும் வந்துவிட்டது. குண்டு விழுகிற நேரத்தில் முன்நெற்றியைப் பற்றி யார் கேட்பார்கள்?

வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே இவர் படுக்கை மாறிவிட்டது. சில நாளைக்குத் தலையை உயர்த்தி, பாதி சாய்ந்துதான் தூங்க வேண்டும். ஹாலில் இருந்த சாய்வு நாற்காலியும், ஒருமுறை மட்டுமே விமானம் பார்த்த கழுத்துத் தலையணையும் பெட்ரூமுக்குள் வந்தன. பக்கத்தில் சலைன் ஸ்ப்ரே. விழித்திருக்கும்போது அடிக்கடி அடியுங்கள் என்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள். இவர் விழிப்பதற்கு அலாரம் வைத்துக்கொண்டார். மூன்றாவது அலாரத்தில் மனைவி எழுந்து உட்கார்ந்தார்.

“கைக்குழந்தைக்குக்கூட ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைதாங்க எழுந்தோம்.”

மூன்றாம் நாள் முகம் வீங்கியது. தலையில் ஏற்றிய ஊசித் தண்ணீர் அங்கேயே நிற்காது. மெல்ல நெற்றிக்கு இறங்கி, புருவத்தைத் தாண்டி, கண்ணிமையில் வந்து தங்கும். ஓரிரு நாளில் தானாக வடிந்துவிடும். இதெல்லாம் தெரியாமல் ஊரிலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்திறங்கிய அம்மா, கதவைத் திறந்த மகனைப் பார்த்து, “யாருடா அடிச்சது?” என்று கேட்டபடியே மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கான விளக்கம் அந்த வீட்டில் இன்னும் முடியவில்லை.

வீங்கிய முகம் உடனே கிளினிக் கோ-ஆர்டினேட்டருக்கு வாட்ஸ்அப்பில் போயிற்று. பணம் கட்டுகிற வரை இவருக்குத் தினம் மூன்று தடவை போன் செய்து “சாப்டீங்களா சார்?” என்று விசாரித்தவர் அந்த கோ-ஆர்டினேட்டர். இப்போது அவரிடம் மிஞ்சியிருப்பவை இரண்டே வார்த்தைகள். வீக்கமா? “நார்மல் சார்.” பின்மண்டை மரத்துப்போய்க் கிடக்கிறதா? “நார்மல் சார்.” பொருக்கு அரிக்கிறதா, சொறியத் தோன்றுகிறதா? “நார்மல் சார், சொறியாதீங்க சார்.” ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு, தும்மினால் கிராஃப்ட் தெறித்துவிடுமா என்று கேட்டு இவர் அனுப்பிய குரல் செய்திக்கு மட்டும் காலை பத்து மணிக்குத்தான் பதில் வந்தது. அதே பதில்.

தலைக்குளியல் தனி வைபவம். ஷவருக்கு நேராக நிற்கக்கூடாது. குழந்தை ஷாம்புவை நுரையாக்கி விரல் நுனியால் ஒற்ற வேண்டும், தேய்க்கக்கூடாது. சொம்பால் மெல்ல ஊற்ற வேண்டும். மகளுக்கு வாங்கிய ஷாம்பு தீர்ந்ததற்கு மகள் அழுதாள். முதல் குளியலில் உள்ளங்கையில் ஒரு முடி வந்தபோது அப்பாவும் கிட்டத்தட்ட அழுதார். அதை டிஷ்யூவில் கிடத்தி, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய்க் காசையும் வைத்துப் படமெடுத்து அனுப்பினார். ரத்தம் வந்தால்தான் வேர் போனதாக அர்த்தம், வெறும் முடி விழுந்தால் விழட்டும். பத்து நாள் போனால் வேர் நன்றாகப் பிடித்துவிடும், பொருக்கும் உதிர்ந்துவிடும் என்று டிஸ்சார்ஜ் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. அந்தத் தாளை இவர் லாமினேட் செய்து வைத்திருக்கிறார். படிப்பதுதான் இல்லை.

லீவு முடிந்து ஆபீஸ் போகிற நாளைக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. மொட்டைத் தலைக்குத் தமிழ்நாட்டில் பொய்ப் பஞ்சமே கிடையாது.

“என்ன சார், திருப்பதியா?”

“ஆமாமா, திருப்பதி.”

“லட்டு?”

இதை இவர் யோசித்திருக்கவில்லை. மறுநாள் ஸ்வீட் ஸ்டாலில் வாங்கிய லட்டை உதிர்த்து டப்பாவில் போட்டுக் கொண்டுபோனார். ஒரு வாய் போட்ட அக்கவுண்ட்ஸ் மாமி, பச்சைக் கற்பூர வாசனையே இல்லையே என்று டப்பாவை மூடிவைத்தார். முன்னால் ஏன் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி என்று இன்னொருவர் கேட்டார். வேர்க்குரு என்றார் இவர். அது நெற்றிக்கு மேலே நேர்கோட்டில் வருகிற வேர்க்குரு.

கேள்வியே கேட்காமல் கண்டுபிடித்தவர் ஒருவர்தான். டெஸ்டிங் டீம் ஆசாமி, அடர்ந்த கிராப்பு. காபி மெஷின் பக்கத்தில் வந்து நின்று, கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்:

“எத்தனை?”

“மூவாயிரம்.”

“நமக்கு மூவாயிரத்தி நானூறு. போன வருஷம்.”

அன்றிலிருந்து இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். பேச்செல்லாம் கிராஃப்ட், அடர்த்தி, முடி எடுத்த டோனர் ஏரியா. ஒரு காலத்தில் இதே கேன்டீனில் எல்லாரும் பேசியது சதுர அடி விலை. வழுக்கையை ஒன்றிலிருந்து ஏழு வரை தரம் பிரிக்கும் நார்வுட் கணக்கு இவருக்கு இப்போது மனப்பாடம். கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் உச்சியைப் பார்த்து, “மூணு, நாலு வருஷத்துல அஞ்சு” என்று மனைவி காதில் சொல்கிறார். டிவியில் நடிகரின் நெற்றியைப் பார்த்ததும், “கோடு ரொம்ப நேரா போட்டுட்டான், இயற்கையா இல்ல” என்கிறார். ஒர்க்‌ஷாப்பிலும் யூடியூபிலும் பார்த்ததெல்லாம் முடி நடுவதற்குப் பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் டாக்டர்களுக்கே எழுதிச் சொல்ல வேண்டியிருந்தது. இவர் பார்த்த வீடியோக்களுக்கு அந்த ஆணையமே வந்து ஒரு பட்டம் கொடுத்துவிட்டுப் போகலாம்.

வீட்டு ரகசியம் சொந்தபந்தங்களுக்குப் போகாமல் இருக்குமா? முப்பது வருஷமாக வழுக்கையைத் துண்டால் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கும் சித்தப்பா நேரிலேயே வந்துவிட்டார். வந்தவர் விலை கேட்கவில்லை. தன் பின்மண்டையைத் தடவிக்கொண்டு, “எனக்கு இது சும்மாதானேப்பா கிடக்கு, முன்னாடியே சொல்லியிருந்தா குடுத்திருப்பேனே” என்றார். அடுத்தவர் முடியை நட்டால் உடம்பு ஏற்காமல் தள்ளிவிடும் என்று இவர் அரைமணி நேரம் விளக்கினார். ஒரே ரத்தம்தானே என்று சித்தப்பா காபியைக் குடித்துவிட்டு, சற்று வருத்தமாகவே கிளம்பிப் போனார்.

மெடிக்கல் ஷாப்பில் வேறு சோதனை. முடி உதிராமல் இருக்க டாக்டர் எழுதிக்கொடுத்த ஃபினாஸ்டரைட், முதலில் புரோஸ்டேட் வீக்கத்துக்காக வந்த மாத்திரை. கடைப்பையன் சத்தமாக, “அப்பாவுக்கா சார்?” என்றான். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, இவர் ஆமாம் என்று தலையாட்டி, திடகாத்திரமான அப்பாவை நோயாளியாக்கினார். டப்பாவுக்குள் இருந்த துண்டுச்சீட்டில் பக்க விளைவுகளைப் பற்றி ஒரு வரி இருக்கிறது. மனைவி கண்ணில் படுவதற்குள் அதை எட்டாக மடித்து, பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு நடுவில் செருகினார். வீட்டில் ரசீதுகளைச் சரிபார்ப்பவர் மனைவிதான்.

மூன்றாவது வாரத்தில் வந்ததுதான் நிஜமான இடி. நட்ட முடி உதிர ஆரம்பித்தது. மேலே தெரிகிற முடி விழும், தோலுக்குள் வேர் பத்திரமாக ஓய்வெடுக்கும், மூன்று நாலு மாதத்தில் மறுபடி முளைக்கும், முழுப் பலன் தெரிய ஒரு வருஷம் ஆகும் என்று டாக்டர் சொன்னார், டிஸ்சார்ஜ் தாள் சொன்னது, டெஸ்டிங் டீமும் சொன்னது. காசு கட்டி வைத்த முடி தலையணையில் கிடப்பதைப் பார்க்கிறவனுக்கு இந்த நியாயமெல்லாம் ஏறுமா? குளியலறை டியூப்லைட்டுக்குக் கீழே, அதே கோணத்தில், தினம் ஒரு படம். மகள் கேம் விளையாடப் போனை எடுத்தவள், “அம்மா, அப்பா போன்ல யாரோ ஒரு தாத்தா போட்டோவா இருக்கு” என்று கத்தினாள்.

நாலாம் மாதம் முளைத்தது. பூனைமுடியாக, சுருளாக, அங்கொன்றும் இங்கொன்றும்தான், ஆனாலும் முளைத்தது. அம்மாவைக் கூப்பிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தலையைக் குனிந்து காட்டினார். அம்மா தடவிப் பார்த்துக் கண் கலங்கினார்.

“முருகன் கைவிடல. நல்லா அடர்த்தியா வளரட்டும்டா தம்பி. ஒரு வருஷம் ஆனதும் பழனிக்குப் போய் முடி இறக்கிடுவோம்.”

“என்னம்மா சொல்ற?”

“ஆபரேஷன் அன்னிக்கே வேண்டிக்கிட்டேன்.”

சாமி காரியத்தில் பேரம் பேச முடியாது. ஏற்கெனவே வேங்கடாசலபதி பெயரில் பொய் சொன்ன கணக்கு வேறு பாக்கியிருக்கிறது. இவர் நடுங்கும் விரல்களால் கோ-ஆர்டினேட்டருக்கு எழுதினார்: ஒரு வருஷம் கழித்து முழு மொட்டை அடிக்கலாமா, ஒன்றும் ஆகாதா?

எதிர்முனையில் எழுதுவதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. முதன்முறையாக அந்த மனிதர் யோசிக்கிறார் என்று தோன்றியது.

“நார்மல் சார்.”