மிஸ்ஸிங் சித்தாந்தம்

குமரி மாவட்டக் கடற்கரையில் ஆரோக்கியபுரம் தொடங்கி நீரோடி வரைக்கும் எந்த ஊரில் போய் நின்றாலும், கரையேற்றிய வள்ளத்தைச் சுற்றி நாலு பேர் குத்தவைத்து ஒரு தத்துவச் சிக்கலை அலசிக்கொண்டிருப்பதைக் காணலாம். நடுவில் மூடி கழற்றிய அவுட்போர்டு எஞ்சின். அது நன்றாக ஓடுகிறது. அது நன்றாக ஓடவில்லை. இவ்விரு கூற்றும் ஒருசேர மெய்யாவது எங்ஙனம் என்பதே சிக்கல்.

"காலத்த போகும்ப ஒரு கொழப்பமும் இல்ல மக்கா. பொறவு ரெண்டு தும்மல். பொறவு சரி. வலையை வளைக்கப் போகும்ப பின்னயும் தும்முது" என்பார் வள்ளக்காரர். மெக்கானிக் கயிற்றை ஒரு இழுப்பு இழுப்பார். எஞ்சின் சீராக ஓடும். நாலு பேரும் வள்ளக்காரரைத்தான் பார்ப்பார்கள்.

நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டுக்கு முனைவர் பட்டம் உண்டு, தோல்பாவைக்கூத்துக்கு உண்டு, வர்மத்துக்கும் உண்டு. இந்தத் தும்மலுக்கு, அதாவது மிஸ்ஸிங்குக்கு மட்டும் நாற்காலி போடப்படாத குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முறையியலுக்கு அருணந்தி சிவாச்சாரியாரே துணை. 13ஆம் நூற்றாண்டில் அவர் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்து, பிறர் மதங்களை முதலில் மறுத்துவிட்டுத் தம் மதத்தைப் பின்னர் நாட்டினார். மணலில் நடக்கும் விவாதமும் இதே வரிசையில்தான் போகிறது. என்ன, இரண்டாம் பகுதி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

முதலில் வரையறை. இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். சுற்றுக்கு ஒரு பொறி வீதம், ஒரு சிலிண்டரில் மட்டும் நொடிக்கு 83 பொறி. ஒரு மணி நேரத்தில் இரண்டிலும் சேர்த்து 6 லட்சம். இதில் எத்தனை தவறினால் மிஸ்ஸிங்? ஒன்று தவறினால் காதுக்குத் தெரியாது. தொடர்ந்து நூறு தவறினால் வள்ளத்தில் படுத்துத் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான். ஆறு லட்சத்தில் நூறு போக மிச்சம் 99.98 விழுக்காடு. வேறு எந்தப் பரீட்சையிலும் இந்த மதிப்பெண் வாங்கினால் மாலை போட்டு ஊர்வலம் விடுவார்கள்; எஞ்சினுக்கு மட்டும் ஏச்சுதான் கிடைக்கிறது.

அடுத்து வரலாறு. 1956 நவம்பர் 1 அன்று இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாளில் கரையில் கிடந்தவை பெரும்பாலும் கட்டுமரங்கள். பாயும் துடுப்பும் மிஸ் அடிப்பதில்லை. காற்று நின்றால் நின்றது, கை ஓய்ந்தால் ஓய்ந்தது, விவாதத்துக்கு இடமே இல்லை. 1980களில் முட்டத்தில் பெல்ஜியத்துக்காரர் பியர் கில்லெட்டும் அவரோடு இருந்தவர்களும் பிளைவுட் வள்ளம் கட்டும் வேலையைப் பரப்பினார்கள். 1980இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, கரைக்காரர்கள் வாயில் 'சிஃப்ஸ்', வெளிநாட்டு அவுட்போர்டு எஞ்சின்களைத் தருவித்து, பழுதுபார்க்கப் பட்டறைகளும் நடத்தியது. கில்லெட் தம் அனுபவத்தை 'ஸ்மால் இஸ் டிஃபிகல்ட்' என்று 1985இல் நூலாக்கினார். நூலைத் திறக்காதவர்களும் தலைப்பை ஒப்புக்கொள்வார்கள். கார்பரேட்டர் ஜெட்டின் துளையைவிடச் சிறியதாக இந்தக் கரையில் எதுவும் யாரையும் இவ்வளவு அலைக்கழித்ததில்லை.

இந்த எஞ்சின்கள் குடிப்பது மண்ணெண்ணெய். பெட்ரோல் பூச்சியத்துக்குக் கீழே 40 டிகிரியிலும் தீப்பற்றும் ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்குப் பூச்சியத்துக்கு மேலே 35 டிகிரியாவது வேண்டும். ஆகவே பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்குத் திருப்பிக் கார்பரேட்டரைக் கழுவ வேண்டும். ஒரே நாளில் இரண்டு முறை மதம் மாறும் இயந்திரத்தின் நெஞ்சில் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கத்தானே செய்யும்.

இனிப் பரபக்கம்.

கரையில் ஆள்பலம் மிகுந்தது பிளக் மதம். பிளக்கைக் கழற்று, கறுப்பாக இருக்கும், கம்பி பிரஷால் தேய், ஆக்சா பிளேடை நுழைத்து இடைவெளி பார், மாட்டு. ஆக்சா பிளேடின் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர், அதாவது பல பிளக்குகளுக்குச் சொல்லப்படும் இடைவெளியை ஒட்டியது. ஆகவே கருவியில் குற்றமில்லை, குற்றம் தர்க்கத்தில்தான். மண்ணெண்ணெய் குடித்து, வலையைச் சுற்றி மெதுவாக ஊரும் எஞ்சினில் பிளக் எப்போதும் கறுப்புத்தான். நோய் இல்லாத நாளிலும் இருக்கும் குறியை நோய்க்குறி என்று எப்படிக் கொள்வது? இந்த மதத்தார் எடுத்து வீசும் வலுவான சான்று, "புது பிளக் போட்டேன், சரியாச்சு" என்பது. புதுப் பிளக்கில் முனை கூராக இருப்பதால் குறைந்த அழுத்தத்திலேயே பொறி தாவிவிடும்; மெலிந்துபோன காயிலின் குறையைச் சில நாள் மூடி மறைக்கும். அது முடிந்ததும் தும்மல் திரும்பி வரும், அடுத்த பிளக்கும் வாங்கப்படும். கடைக்காரருக்கு இந்த மதத்தின் மேல் பெரிய பற்று உண்டு.

இரண்டாவது எண்ணெய் மதம். இது அடிப்படையில் ஓர் அறவியல்: தப்பு எஞ்சினில் இல்லை, மனிதரில். நீல நிற மானிய மண்ணெண்ணெயில் யாரோ எதையோ கலந்துவிட்டார்கள். தண்ணீர் மண்ணெண்ணெயைவிடக் கனம் என்பதால் கேனின் அடியில் போய்த் தங்கும் என்பதும், உறிஞ்சும் குழாயின் வாய் அங்கேதான் இருக்கிறது என்பதும் மறுக்க முடியாதவை. கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து ஒரு ராத்திரி அசைக்காமல் வைத்தால் அடியில் ஒரு கோடு தெரியும். ஆனால் இந்த எளிய சோதனையை மதத்தார் விரும்புவதில்லை. கோடு தெரியாவிட்டால் யாரை ஏசுவது? "அதே பேரல்லதான நாலு பேரு வாங்கினோம், அவனுக்கு அடிக்கல்லியே" என்று கேட்டால், "அவனுக்க கேனு வேற" என்று பதில் வரும். கேன் வேறு என்பதில் நமக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

மூன்றாவது காயில் மதம். இதன் மூலப் பொருள் காயிலுக்கு மின்சாரம் பாய்ச்சும் சீடிஐ பெட்டி. ரெசின் ஊற்றி அடைத்த கறுப்புப் பெட்டியாதலால் உள்ளே பார்க்க இயலாது. காட்சிக்கு அகப்படாததால் குற்றவாளி என்று நிறுவவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது. வேறெல்லாம் பார்த்துச் சலித்த மெக்கானிக் கடைசியில் இங்கே சரணடைவார். விலையைக் கேட்டதும் வள்ளக்காரர் பிளக் மதத்துக்குத் திரும்பிவிடுவார்.

நாலாவதாக ஒரு மாயாவாதம் உண்டு. மிஸ்ஸிங் என்பதே இல்லை, அது தோற்றம் என்கிறது இது. புரொப்பல்லரின் நடுவே ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறது; அது தேய்ந்து வழுக்கினால் எஞ்சின் சுற்றும், விசிறி சுற்றாது, வள்ளம் தயங்கும். மிஸ்ஸிங் என்று நினைத்தது பொய். இவ்வாதத்தை முற்றிலும் தள்ள முடியாது, ஆனால் காதால் வெல்லலாம். பொறி தவறினால் சத்தம் தாழும். புஷ் வழுக்கினால் சத்தம் ஏறும், வேகம் மட்டும் இறங்கும். இதைக் கேட்டுப் பிரிக்கத் தெரிந்த கிழவர்கள் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை.

அந்தோணியார் மதத்தை மறுக்க நான் துணியவில்லை. தொலைந்ததைக் கண்டெடுத்துத் தருபவர் அவர், பொறியும் தொலைந்ததுதானே. ஒரு மெழுகுதிரி சீடிஐ பெட்டியைவிட மலிவு என்பதையும் ஆய்வாளன் குறித்துவைக்க வேண்டும்.

இனிச் சுபக்கம். மேற்கண்ட நால்வரும் "எந்தப் பாகம்?" என்று கேட்கிறார்கள். விட்டுவிட்டு வரும் நோயிடம் அந்தக் கேள்வி செல்லாது, ஏனெனில் கழற்றிப் பார்க்கும் நேரத்தில் எல்லாப் பாகமும் நல்ல பாகமே. கேட்க வேண்டியது "எப்போது?" என்பது. எம் மதத்துக்கு எப்போதுவாதம் என்று பெயர்.

கிளம்பிக் கால் மணி நேரம் கழித்துத் திக்கி, நிறுத்திக் கேன் மூடியைத் திறந்ததும் சரியாகிறதா? மூடியின் மேலுள்ள காற்றுத் திருகு திறக்கப்படவில்லை. எண்ணெய் குறையக் குறைய உள்ளே காற்று போக வழியில்லாமல் வெற்றிடம் இழுத்துப் பிடிக்கிறது. மூடியைத் திறந்து "எண்ணெய் இருக்கா" என்று எட்டிப் பார்ப்பதே வைத்தியமாகிவிடுவதால், நோயை ஆற்றியது எது என்று வைத்தியருக்கே தெரிவதில்லை. நன்றாகச் சூடான பிறகு தொடங்கி, ஆறினால் மறைகிறதா? காயில்; சூட்டில் உள்ளே சுற்று விலகி, குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்கிறது. மண்ணெண்ணெய்க்கு மாற்றியவுடனேயா? எஞ்சின் சூடாகும் முன் மாற்றிவிட்டார்கள். அணியம் அலையில் ஏறி இறங்கும்போது மட்டுமா? கேனின் அடியில் கிடந்த தண்ணீர் ஆடி ஆடிக் குழாய் வாய்க்கு வருகிறது, அல்லது ஸ்டாப் சுவிட்ச் ஒயர் உரசி உப்பேறி அதிர்வில் எர்த் ஆகிறது. மெதுவாகப் போகையில் மட்டும் என்றால் கார்பரேட்டரில் மெதுவோட்ட ஜெட். முழு வேகத்தில் மட்டும் என்றால் எண்ணெய் வந்து சேரவில்லை, ஃபில்டரைப் பாருங்கள்.

சந்தேகம் இரண்டாகச் சுருங்கினால் சோதனை எளிது. மேல் பிளக்கைக் கீழே மாட்டு, கீழ் பிளக்கை மேலே. தும்மல் பிளக்கோடு இடம் பெயர்ந்தால் பிளக் குற்றவாளி. இருந்த சிலிண்டரிலேயே தங்கினால் பிளக்கை விடுதலை செய்து காயிலைப் பிடி. ஒயரில் கசிவு என்று தோன்றினால் இருட்டில் மூடியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம், கசியும் இடத்தில் நீல மினுக்கம் தெரியும். கை மட்டும் போகக் கூடாது, பெட்ரோல் கேனும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

கரையில் ஏன் நோய் தெரிவதில்லை என்பதற்கும் இங்கே விடை இருக்கிறது. டிரம் தண்ணீரில் வைத்து ஓட்டும்போது எஞ்சினுக்குச் சுமை இல்லை. கடலில் முழு வேகத்தில் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்; அந்த நெரிசலைத் தாண்டிப் பொறி பாய மின்னழுத்தம் கூட வேண்டும்; அப்போதுதான் மெலிந்த காயிலும் வெடித்த ஒயரும் தங்கள் நிறத்தைக் காட்டும். எனவே மெக்கானிக் கடலுக்கு வந்தே தீர வேண்டும். நாகர்கோவிலிலிருந்தும் திங்கள்சந்தையிலிருந்தும் பைக்கில் வருகிற மெக்கானிக்குகளுக்கு வள்ளம் ஏறினால் தலை சுற்றும், வாந்தி வரும். நோயைப் பார்க்கப் போன வைத்தியர் நோயாளியாகத் திரும்பும் இந்தத் துறை விசித்திரத்தை எப்போதுவாதம் இன்னும் தீர்க்கவில்லை.

இடையில் சிரிக்காமல் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அலை உடையும் இடத்தில், அல்லது தேங்காய்ப்பட்டணம் போன்ற துறைமுக முகத்துவாரத்தில், எஞ்சின் இரண்டு நொடி தும்மினால் வள்ளம் பக்கவாட்டில் திரும்பிவிடும். கரைக்காரர்கள் ஒரு தும்மலைப் பற்றி இவ்வளவு நேரம் வாதிடுவதற்குக் காரணம் அது.

எப்போதுவாதத்துக்குக் கிடைத்த ஒரே எதிர்வழக்கு ஒரு வள்ளத்தில் இருந்தது. சூடு, அலை, வேகம், எண்ணெய் எதனோடும் அந்த மிஸ்ஸிங் பொருந்தவில்லை. கடைசியில் வள்ளக்காரர் கொஞ்சம் தயங்கிச் சொன்னார்: "சொன்னா சிரிப்பிய சார். மச்சினன் வரும்பத்தான் அடிக்கும்." கேள்வியை "எவர் இருக்கும்போது?" என்று விரித்துக்கொண்டு பார்த்ததில், மச்சினன் பின்பக்கம் உட்கார்ந்து எப்போதும் ஒரே இடத்தில்தான் குதிகாலை ஊன்றுகிறார் என்பது தெரிந்தது. அவர் காலுக்கடியில் எண்ணெய்க் குழாய். களைப்பு வந்து அழுத்தும்போது எண்ணெய் நிற்கும், பேச்சு சுவாரஸ்யத்தில் கால் நகரும்போது ஓடும். குழாயைக் கொஞ்சம் நீளமாக வாங்கி ஓரமாகச் சுற்றிப் போடலாம் என்று ஆய்வாளன் யோசனை சொன்னான். வள்ளக்காரர் குழாயையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, குழாயை மாற்றுவதுதான் செலவு குறைவு, மச்சினனை மாற்றினால் வீட்டில் சோறு கிடைக்காது என்று முடிவெடுத்து, மறுநாளே மூன்றடி வாங்கிவந்தார்.