வாக்குச்சீட்டு போட்ட கோல்

கே: மைதானத்துக்காகக் கால்பந்து ரசிகர்கள் தேர்தலில் நின்றார்களாமே, நிஜமா?

ப: நிஜம்தான். லண்டன் கிரீனிச்சில், 1990 மே மாதம். சார்ல்டன் அத்லெட்டிக் ஆடிவந்த ‘வேலி’ மைதானம், ஒரு காலத்தில் ரசிகர்களே மண்வெட்டியோடு இறங்கிச் சமன்செய்த சுண்ணாம்புப் பள்ளம். 1985 செப்டம்பரில் ஆட்டம் பார்க்க வந்தவர்களின் கையில் வாசலிலேயே துண்டறிக்கையைத் திணித்தார்கள்: காலி செய்கிறோம், இனி ஆட்டம் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில்! கிளப்போடு சேர்ந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு தாளில் செய்தி சொல்வதா? எனக்கு இன்றும் பொறுக்கவில்லை. 1989-ல் ரசிகர்கள் திரண்டுபோய், கைவிடப்பட்ட ‘வேலி’யில் புதரை வெட்டி, குப்பையை ஆடுகளத்திலேயே குவித்துக் கொளுத்தினார்கள். மறுவருடம், ‘வேலி’யைப் புதுப்பித்துத் திரும்பும் கிளப்பின் திட்டத்தைக் கிரீனிச் கவுன்சில் நிராகரித்தது. உடனே பிறந்தது ‘வேலி கட்சி’. 60 வேட்பாளர்கள், 14,838 வாக்குகள். ஓர் இடமும் கிடைக்கவில்லை; ஆனால் திட்டக்குழுத் தலைவர் தோற்றார். 1991-ல் அனுமதி வந்தது. 1992 டிசம்பர் 5-ல் வீடு திரும்பி, போர்ட்ஸ்மத்தை 1-0 என்று வென்றார்கள்.

கே: அப்படியானால் கவுன்சில்தான் வில்லனா?

ப: இல்லை. ஆட்ட நாளில் வாசலை மறித்து நிற்கும் கார்களுக்கும் நள்ளிரவுக் கூச்சலுக்கும் அக்கம்பக்கத்தாரிடம் பதில் சொல்ல வேண்டியவர் கவுன்சிலர்தான். என் கோபமெல்லாம், புது இடம் உறுதியாகும் முன்பே இருக்கிற இடத்தைக் கைவிடும் கிளப் நிர்வாகிகள் மீது.

கே: அதனால் அழிந்த கிளப் உண்டா?

ப: அழிவின் விளிம்புவரை போனது பிரைட்டன். கோல்ட்ஸ்டோன் மைதானத்தை 1995-ல் விற்றார்கள். மாற்று இடம் கையில் இல்லை. 1997 முதல் இரண்டு சீசன், ‘உள்ளூர்’ ஆட்டத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் ஜில்லிங்ஹாம் போனார்கள். பிறகு 2011 வரை, ஓட்டப்பந்தயத் தடத்தைச் சுற்றித் தற்காலிக கேலரி போட்ட வித்டீன் அரங்கம். ஃபால்மரில் புது மைதானம் கட்ட நகர கவுன்சில் சம்மதித்தது. பக்கத்து லூயிஸ் மாவட்ட கவுன்சிலோ சவுத் டவுன்ஸ் குன்றுகளின் அழகு கெடும் என்று எதிர்த்தது. துணைப் பிரதமர் ஜான் பிரெஸ்காட் 2005-ல் அனுமதித்தார். நில எல்லை பற்றி அந்த உத்தரவில் ஒரு பிழை. லூயிஸ் வழக்குப் போட, உத்தரவு ரத்து! 2007-ல் மறுபடி அனுமதி, 2011-ல் திறப்பு. குன்றுகளைக் காக்க நினைத்ததை மதிக்கிறேன். ஆனால் ஒரு தலைமுறைச் சிறுவர்களுக்குச் சொந்த மைதானம் என்றால் என்னவென்றே தெரியாமல் போயிற்று.

கே: ஒரே ஒரு குடும்பத்துக்காகப் பெரிய ஸ்டேடியத் திட்டமே நிற்கலாமா?

ப: நிற்கலாம். செல்சியின் 60,000 இருக்கைத் திட்டத்தால் வீட்டுக்கு வெளிச்சம் வராது என்று ஒரு குடும்பம் நீதிமன்றம் போனது. தடையுத்தரவு செல்லாதபடி, நில உரிமையில் அந்தப் பகுதி கவுன்சிலே தலையிட முடிவெடுத்தது. இது எனக்குப் பிடிக்கவில்லை. வெயில் எல்லோருக்கும் பொது. கடைசியில், முதலீட்டுச் சூழல் சரியில்லை என்று 2018 மே மாதம் கிளப்பே திட்டத்தைக் கிடப்பில் போட்டது.

கே: ரசிகர்களால் முன்கூட்டியே என்னதான் செய்ய முடியும்?

ப: நிலத்தை வாங்கலாம். அதே செல்சியின் மைதான நிலம், ரசிகர்கள் பங்கு வாங்கிய நிறுவனத்துக்குச் சொந்தம். 2011 அக்டோபரில் கிளப் அதைத் திருப்பிக் கேட்டது. பங்குதாரர்கள் அளிக்கும் வாக்குகளில் 75 சதவீத ஆதரவு வேண்டும், கிடைக்கவில்லை. கிளப்பின் அன்றைய உரிமையாளர் ரோமன் அப்ரமோவிச்சின் கோடிகளும் அங்கே செல்லவில்லை.