யாரது?

இரவு பத்து மணிக்கு மேல், விடியற்காலை ஐந்து மணிக்குள், வருவதாக முன்கூட்டிச் சொல்லாத ஒருவர் உறங்கும் வீட்டின் கதவில் விரல் முட்டியால் எழுப்பும் ஓசையே இரவுத் தட்டல் எனப்படும். பகலில் இதே ஓசையை யாரும் பொருட்படுத்துவதில்லை. பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், சீட்டுப் பணம் வசூலிப்பவர் எனப் பகலில் தட்டும் எல்லோருக்கும் முகம் உண்டு. இரவில் தட்டுபவருக்குக் கை மட்டும்தான். மற்ற உறுப்புகளை வீட்டில் இருப்பவர்களின் கற்பனை சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலும் தேவைக்கு மேலேயே சேர்க்கிறது.

தட்டல் நான்கு வகைப்படும். முதலாவது உறவினர் தட்டல். இடைவெளி விடாமல், உரிமையோடு, வீட்டுக் குழந்தையின் பெயரைக் கூவியபடி வரும். தென்மாவட்டப் பேருந்துகள் சென்னைக்குள் நுழையும் அதிகாலை மூன்று, நான்கு மணி இதற்குரிய முகூர்த்தம். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, அந்தப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாறின. அதன்பின் வடசென்னை வீடுகளில் இந்தத் தட்டல் சற்றுத் தாமதமாகக் கேட்கிறது, தன்மையில் மாற்றமில்லை. இரண்டாவது, முகவரி தவறிய தட்டல். சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு உண்டு. ஒருவரின் புதிய எண் நாலு வீடு தள்ளியிருப்பவரின் பழைய எண்ணாக இருக்கும். பதினொன்றரை மணிக்கு யாருடைய பிரியாணியோ யாருடைய வாசலிலோ ஆறுவதற்கு இதுவே காரணம். மூன்றாவது, அக்கம்பக்கத்துத் தட்டல். தெருவே இருண்டு கிடக்கும்போது, “உங்க வீட்லயும் கரண்ட் இல்லையா?” என்று உறுதிசெய்துகொள்ள வருவது. நான்காவது, பெயர் சொல்லாத தட்டல். இரண்டு முறை தட்டும், நிறுத்தும், காத்திருக்கும். முதல் மூன்று வகைகளும் “யாரது?” என்ற கேள்வியோடு தீர்ந்துவிடும். நான்காவது அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தொடங்கும்.

இந்த விஷயத்தில் தமிழ் இலக்கியம் முழுக்கத் திறப்பவர் கட்சி. மழை கொட்டும் நள்ளிரவில் பசியோடு வந்து தட்டிய சிவனடியாருக்கு இளையான்குடி மாறனார் கதவைத் திறந்தார். வீட்டில் அரிசி இல்லை. அன்று பகலில் விதைத்த நெல்லை வயலில் அரித்து எடுத்துவந்தார். விறகும் இல்லை, கூரை மரத்தை வெட்டிக் கொடுத்தார். ஒரு கதவைத் திறந்ததில் அந்த வீட்டுக்கு விதைநெல்லும் கூரையும் செலவாயின. வந்தவர் சிவபெருமானே என்பதால் கணக்கு கயிலாயத்தில் நேர்செய்யப்பட்டது. திருக்கோவலூரில் இன்னொரு மழை இரவு. இடைகழியில் பொய்கையாழ்வார் படுத்திருக்க, பூதத்தாழ்வார் வந்து இடம் கேட்டார். இருவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். பேயாழ்வார் வந்தார், மூவரும் நின்றார்கள். நான்காவதாக ஒருவர் கேட்காமலே புகுந்து நெருக்கினார். அவர் திருமால். கேட்காமல் உள்ளே வருகிறவர் கடவுளாக இருக்க வேண்டும், அல்லது கள்வராக இருக்க வேண்டும். பக்திப் பாடல்களில் கடவுளையே கள்வன் என்று அழைக்கும் வழக்கம் இருப்பதால் குழப்பம் தீர்வதில்லை.

தட்டியவர் பக்கத்து நியாயத்தைச் சொல்வது பொற்கைப் பாண்டியன் கதை. கீரந்தை என்பவன் ஊரில் இல்லாதபோது, அவன் மனைவி தனித்திருந்த வீட்டுக்கு நகர்வலத்தில் காவல் இருந்த மன்னன், ஓர் இரவு உள்ளே பேச்சுக்குரல் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டான். கீரந்தை திரும்பி வந்திருந்தான். “யாரது?” என்று அவன் கேட்டபோது மன்னனால் பெயர் சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் மீது சந்தேகம் விழக் கூடாதே என்று தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போனான். மறுநாள் தெருவே திரண்டு அரண்மனையில் புகார் சொன்னது. மன்னன் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டான். அதன்பின் பொன்னால் கை செய்து பொருத்திக்கொண்டான் என்பது கதை. சிலப்பதிகாரத்தில் மதுரையின் காவல் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் செய்திகளில் இவன் கதையும் உண்டு. அகாலத்தில் தட்டியதற்கு இதைவிடக் கடுமையான தண்டனை தமிழில் பதிவாகவில்லை. ஆக, இலக்கியத்தை நம்பினால், நள்ளிரவில் தட்டுபவர்கள் ஆழ்வார், அரசர், ஆண்டவர் என்ற மூன்று இனத்தார்தான். காவல் நிலையப் பதிவேட்டில் இந்த மூன்று இனமும் வருவதில்லை.

பாட்டிமார்கள் மட்டும் இலக்கியத்தை நம்பவில்லை. “ராத்திரியில யாராவது கூப்பிட்டா உடனே ஏன்னு கேக்காதே. மூணு தடவை கூப்பிடட்டும். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும்” என்பது அவர்கள் வகுத்த விதி. பேய்க்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் விதியின் பலன் தெளிவானது. முதல் அழைப்பில் தூக்கம் கலைகிறது. இரண்டாவதில் குரல் யாருடையது என்று புத்தி தேடுகிறது. மூன்றாவதற்குள் பக்கத்தில் படுத்திருப்பவரும் எழுந்துவிடுகிறார். தனியாக, தூக்கக் கலக்கத்தில், குரல் தெரியாமல் யாரும் தாழ்ப்பாளைத் தொடுவதில்லை. காவல்துறை சொல்லும் அறிவுரையைப் பாட்டி பேயின் பெயரில் சொல்லியிருக்கிறாள். பேரப்பிள்ளைகள் காவல்துறைக்குப் பயப்படுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

கர்நாடகத்தில் இதே விதி எழுத்து வடிவம் பெற்றது. 1990களில், இரவில் தெரிந்தவர் குரலில் கூப்பிட்டுக் கதவைத் தட்டும் பேய் ஒன்றைப் பற்றி வதந்தி பரவியபோது, பெங்களூரிலும் சுற்று ஊர்களிலும் வீட்டு வாசல்களில் “நாளே பா”, அதாவது நாளைக்கு வா, என்று எழுதிவைத்தார்கள். பேய் படித்துப் பார்த்துத் திரும்பிப் போகும். மறுநாள் வந்தாலும் அதே வாசகம் இருக்கும். பேய்க்குக் கன்னடம் படிக்கத் தெரியும், ஆனால் ஏமாற்றத்தைப் புரிந்துகொள்ளத் தெரியாது என்ற நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு இது. அரசு அலுவலகங்களுக்குப் போய்வந்தவர்கள்தான் இதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும்.

இரவு நாகரிகம் தெரிந்த அந்நியர் ஒருவர் உண்டென்றால் அவர் சாமக்கோடாங்கி. நடுச்சாமத்தில் குடுகுடுப்பையை ஆட்டிக்கொண்டு தெருவில் வருவார், வீட்டுக்கு நேரே நின்று நல்லதோ கெட்டதோ சொல்வார், கதவைத் தொடமாட்டார். விடிந்தபின் வந்து அரிசியும் பழந்துணியும் வாங்கிக்கொள்வார். கூர்க்காவும் அப்படியே. இரவெல்லாம் விசில் ஊதி, தடியால் விளக்குக் கம்பத்தைத் தட்டி, தான் இருக்கும் இடத்தைத் திருடர்களுக்கு முறையாகத் தெரிவித்துவிட்டு, மாதம் பிறந்ததும் பகல் வெளிச்சத்தில் சம்பளம் கேட்டு வருவார்.

பழைய வீடுகளில் அந்நியர் தட்டவேண்டிய தேவையே குறைவு. திண்ணை இருந்தது. வழிப்போக்கர் படுத்துக்கொள்வார், விடிந்ததும் போய்விடுவார். கதவைத் திறக்காமலே உபசாரம் நடந்தது. திண்ணையை இடித்து கிரில் கேட் போட்டபின், வழிப்போக்கரின் தேவை நேராகக் கதவுக்கு வந்துவிட்டது. கதவுக்குப் பூட்டு போதாதா என்றால், போதாது. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடே கிடைத்தது. ஆனால் பூட்டு என்பது ஆள் இல்லாத வீட்டுக்கான கருவி. ஆள் உள்ளே இருக்கும்போது வேலை செய்வது தாழ்ப்பாள். அதற்குக் குறியீடு எதுவும் இல்லை.

தாழ்ப்பாளும் தோற்கும் இடம் ஒன்று உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மணி பதினொன்றரை. கதவில் இரண்டு தாழ்ப்பாள், ஒரு சங்கிலி. வெளியே ஓர் ஆண் குரல்: “சார் இருக்காரா?” உள்ளேயிருந்து பதில்: “அவர் கோயமுத்தூர் போயிருக்காருங்க. வியாழக்கிழமை காலைலதான் வருவார்.” “சரிம்மா.” பதில் அத்தோடு நிற்பதில்லை. “மாமாவும் கண் ஆபரேஷன் பண்ணிக்கிட்டு நாத்தனார் வீட்ல இருக்கார். யார் வந்ததுன்னு சொல்லட்டும்?” இரண்டு தாழ்ப்பாளும் சங்கிலியும் போட்டது போட்டபடியே இருந்தன. வெளியே போகக் கூடாதது எல்லாம் போய்விட்டது. இந்த இடத்தில் சொல்லவேண்டியது ஒரே வாக்கியம், காலியான அறையைப் பார்த்துச் சத்தமாகச் சொல்லவேண்டும்: “ஏங்க, யாரோ வந்திருக்காங்க, என்னன்னு கேளுங்க.”

ஆண் வீட்டில் இருந்தால் முதல் நடவடிக்கை கனைப்பு. பழந்தமிழ் வீட்டின் அலாரம் இது. இரண்டாவது, ஆயுதம் தேடுதல். கிரிக்கெட் மட்டை பரணில் இருக்கும், டார்ச்சில் பேட்டரி இருக்காது, கடைசியில் கைக்குக் கிடைப்பது துடைப்பம். மூன்றாவது, “நீ போய் யாருன்னு கேளு” என்று மனைவியிடம் சொல்லுதல். இந்த மூன்றையும் விட்டுவிட்டுச் செய்யத்தக்கவை சில உண்டு. முதலில் உள் விளக்கை அணைத்து வாசல் விளக்கைப் போடவேண்டும். உள்ளே வெளிச்சமும் வெளியே இருட்டுமாக இருந்தால், வந்தவருக்கு வீடு தெரியும். வீட்டில் இருப்பவருக்கு வந்தவர் தெரியமாட்டார். அடுத்து, கதவு லென்ஸ் வழியாகவோ பக்கத்து ஜன்னல் வழியாகவோ பார்த்துவிட்டுப் பேசவேண்டும். கதவுச் சங்கிலியை நம்பி இடுக்கு திறப்பது நல்லதல்ல. அரை அங்குலத் திருகாணியில் தொங்கும் சங்கிலி ஒரு தள்ளுக்கு மேல் தாங்காது. பதில் திருப்தியாக இல்லையென்றால் 112 அல்லது 100. முகவரி சொல்லும்போது “பிள்ளையார் கோயில் பக்கத்துல” என்பது தமிழ்நாட்டில் முகவரி ஆகாது. கதவு எண், பழையதா புதியதா, தெரு, பகுதி எல்லாம் வேண்டும். வெளியே குழந்தை அழும் சத்தம், திறந்துவிட்ட குழாய்ச் சத்தம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எல்லாச் சூழ்ச்சிகளுக்கும் இதே மருந்துதான். உண்மையிலேயே குழந்தை என்றாலும் அதற்கும் 112 உதவும்.

தட்டுபவர் “போலீஸ்” என்று சொன்னால் பெயர், காவல் நிலையம், அடையாள அட்டை மூன்றையும் கேட்கலாம்; நிலையத்தை அழைத்துச் சரிபார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும். சூரியன் மறைந்தபின், உதிக்கும்முன் பெண்ணைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான நிலையில் பெண் காவல் அதிகாரி எழுத்துமூலம் கேட்டு, நீதித்துறை நடுவரின் முன் அனுமதி பெற்றிருக்க வேண்டும். வந்தவர் உண்மையான காவலர், கையில் பிடியாணை என்று உறுதியானால் திறப்பதே முறை. திறக்காவிட்டால் உடைத்து நுழையச் சட்டம் இடம் தருகிறது. இருட்டின் கனத்தையும் சட்டம் அறியும். பாரதிய நியாய சன்ஹிதாவில், பகலில் வீட்டை உடைத்துப் புகுந்தால் இரண்டாண்டு வரை சிறை. இரவில் மூன்றாண்டு வரை. இருட்டுக்கு ஓராண்டு கூடுதல்.

மிச்சமிருப்பது மனசாட்சி. தட்டியவர் விபத்தில் அடிபட்டவராக, வழி தவறியவராக, துரத்தப்பட்டு ஓடிவந்த பெண்ணாக இருந்தால்? அப்போதும் முதலில் திறக்க வேண்டியது வாய்தான். 108ஐயும் 112ஐயும் அவருக்காக வீட்டிலிருந்தே அழைக்கலாம். போன் கேட்டால் போனைக் கொடுக்காமல், எண்ணைக் கேட்டு நாமே பேசலாம். தண்ணீரை கிரில் வழியாக நீட்டலாம். பக்கத்து வீட்டாரை அழைத்து, நாலு பேராக விளக்குப் போட்டு வெளியே வரலாம். உதவி உள்ளேயிருந்தே வரும். துரத்துபவருக்கோ எரியும் நாலு விளக்கும் நாலு குரலும் போதுமான எச்சரிக்கை. கீரந்தையின் வீட்டைத் தவிர வேறு எந்த வீட்டையும் அரசன் நேரில் காவல் காத்ததாகக் கதை இல்லை. மற்றத் தெருக்களைப் பக்கத்து வீடுகள்தான் காத்திருக்கின்றன.

இத்தனைக்கும் முதல் தேவை வாசல் விளக்கு. பெரும்பாலான வீடுகளில் அது போன தீபாவளிக்கு முன்பே பியூஸ் போயிருக்கும். இன்று இருட்டும்முன் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.