ஆடுகளுக்கு அடுத்தது நான்

லம்ஸ்டன் அருகே,
சவுத்லாந்து, நியூசிலாந்து.
2025 செப்டம்பர்

அன்புள்ள அப்புச்சிக்கு,

பேத்தி எழுதிக்கறது. நான் சுகம். வயித்துல இருக்கறதும் சுகம். நேரங்காலம் இல்லாம உதைக்குது. உங்க மாப்பிள்ளையைப் பத்தி மட்டும் அப்படி எழுத முடியல. மனுசன் ராத்திரி ஒழுங்காத் தூங்கி வாரக்கணக்காச்சு. குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடியே என்ன தூக்கக்கேடுன்னு கேப்பீங்க. அதைச் சொல்லத்தான் இந்தக் கடுதாசி.

முதல்ல அம்மா சமாச்சாரம். "சாணி நாத்தமே ஆகாதுன்னு கோயமுத்தூர்ல வெச்சுப் படிக்க வெச்சேன், கடல் தாண்டிப் போயும் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்துலதான் குடி போயிருக்கறா"ன்னு உங்ககிட்ட வந்து ஒரு பாட்டம் அழுதாங்களாமே. என்ன பண்றதுங்க அப்புச்சி, மாப்பிள்ளைக்கு வேலை கெடைச்சது பால் பவுடர் ஆலையில. பால் இருக்கற பக்கந்தானே ஆலை இருக்கும்? ஆக்லாந்துல ரெண்டு ரூம் வீட்டுக்குக் குடுத்ததை விடக் கம்மி வாடகைக்கு இங்க ஒரு வீடு, அதைச் சுத்தி ரெண்டு ஏக்கர் புல், அதைச் சுத்திக் கண்ணுக்கெட்டற வரைக்கும் அடுத்தவங்க ஆடு. ஊர்ல மொத்தமே ஐநூறு பேர் சொச்சந்தான் இருப்பாங்க. நம்ம ஊர்த் தேருக்கு ஒரு பக்க வடம் புடிக்கக்கூடப் பத்தாது.

அம்மாயி கேட்ட முதல் கேள்வி, வாசல் எந்தத் திசைன்னு. வடக்குன்னு சொன்னேன். ஆனா இங்க ஒரு சங்கடம். பூமியோட தெக்குக் கோடியில இருக்கறதால சூரியன் வடக்குப் பக்கமாச் சாஞ்சு போகுது. வடக்கு ஜன்னல்லதான் வெயில் விழும், தெக்குச் செவுரு பாசி புடிச்சுக் கெடக்கும். அம்மா வாஸ்து பாக்கறவர்கிட்ட நம்பர் வாங்கிக் குடுத்தாங்க. போன் போட்டு விவரத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "வெயில் விழற பக்கம் நல்ல பக்கந்தாம்மா"ன்னு வெச்சுட்டார்.

குடி வந்தன்னைக்கு முறைப்படி பால் காய்ச்சினோம். பக்கத்துப் பண்ணைக்காரர் (பக்கம்னா ஒரு கிலோமீட்டர்) வண்டி நெறைய வெறகும் ஒரு தட்டு முட்டையும் கொண்டாந்தார். அந்நேரத்துக்குப் பால் பொங்குது. நாங்க ரெண்டு பேரும் அடுப்புக்கு முன்னால கையைக் கட்டிட்டு நின்னு பாக்கறோம். இதுகளுக்கு அடுப்பை அணைக்கத் தெரியல போலன்னு மனுசன் பதறி, பூட்ஸோட பாஞ்சு வந்து அணைச்சுட்டார். நல்லவேளை, அதுக்குள்ள வழிஞ்சுடுச்சு. கெழக்க வழிஞ்சுதா மேக்க வழிஞ்சுதான்னு நான் குனிஞ்சு பாக்கறதுக்குள்ள, துணியெடுத்துத் துடைச்சும் விட்டுட்டார்.

தண்ணிக்குக் கெணறும் இல்ல, குழாய்த் தண்ணியும் இல்ல. கூரையில விழற மழைத்தண்ணி பொடக்காணியில இருக்கற பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்குப் போயி, வடிகட்டி வழியா வந்து, புற ஊதா விளக்குக்கு முன்னால ஒரு சுத்து சுத்தி அப்புறந்தான் வீட்டுக்குள்ள வரும். கூரை மேல குருவியும் போஸம்னு ஒரு ராத்திரிப் பிராணியும் பண்ற அசிங்கத்தைப் பார்த்தா அந்த விளக்கு வேணுந்தான். கரண்டு போனா பம்பு நிக்கும், பம்பு நின்னா குழாய் நிக்கும். நகரத்துல தண்ணி வரலைன்னா கார்ப்பரேசனைத் திட்டலாம். இங்க வருண பகவானைத் தவிரத் திட்டறதுக்கு ஆள் இல்லாதது பெரிய குறைங்க.

வீட்டுல எங்களோட இன்னும் ரெண்டு உருப்படி. பூனை மிளகு, ஆக்லாந்துல கார்ல ஏத்தினப்போ கத்த ஆரம்பிச்சது, வடக்குத் தீவு முழுக்கக் கத்தி, கப்பல்ல ஏறிக் கடல் தாண்டியும் கத்தி, இந்த வீட்டுல அடுப்பு மூட்டினதுக்கப்புறந்தான் வாயை மூடுச்சு. நாய் துரை. உங்க காலத்துல வேட்டைக்கு வெச்சிருந்த கன்னி நாய் மாதிரியே இருப்பான், ஒட்டின வயிறும் நீட்டக் காலும். கிரேஹவுண்டு ஜாதி. ரேஸ்ல ஓடி ஓய்வு பெத்தவன். நாய்ப் பந்தயத்தையே 2026-க்குள்ள நிறுத்தப் போறோம்னு 2024 டிசம்பர்ல அரசாங்கம் சொல்லிருச்சு. அதனால இவனை மாதிரி ஓய்வாளிகளுக்கு வீடு தேடிட்டே இருக்கறாங்க. ஓடிப் பொழைச்ச ஜீவன்தான், இப்ப அடுப்புக்கும் சோபாவுக்கும் நடுவுல மட்டும் நடக்கறான். உடம்புல கொழுப்பே இல்லாததால குளிர் தாங்காது. வெளிய போக அவனுக்குக் கோட்டு உண்டு. என்னோட கோட்டை விட வெலை ஜாஸ்தி.

இங்க வந்ததும் எனக்கு ஒரே பயம். ஆட்டைத் துரத்தற நாயைப் பண்ணைக்காரர் அங்கயே சுட்டுடலாம்னு 1996-ம் வருசத்துச் சட்டமே இருக்குது. முயல் பொம்மையைத் துரத்திப் பழகினவன் ஆட்டைப் பார்த்தா என்ன பண்ணுவானோன்னு கயித்தைக் கெட்டியாப் புடிச்சுட்டுப் போனேன். ஒரு பெரிய செம்மறி தலையைத் தூக்கி இவனைப் பார்த்துது. அவ்வளவுதான், துரை எனக்குப் பின்னால வந்து ஒளிஞ்சுக்கிட்டான். உங்க கொறங்காட்டுக்குக் கிளுவை வேலி. இங்க வேலிக் கம்பியில கரண்டு ஓடும். அதுல ஒரு நா மூக்கை வெச்சுட்டான். இப்ப துணி காயப்போடற கம்பியைக்கூடச் சுத்தித்தான் போறான்.

நாங்க ஜூலையில வந்து எறங்கினப்போ, பக்கத்துப் பண்ணையில ஆடுகளுக்கு ஸ்கேன் நடந்துட்டிருந்துது. ஆமாங்க அப்புச்சி, ஆட்டுக்கு ஸ்கேன். ஒரு ஆள் வண்டியில மெசினோட வந்து உக்காந்துக்குவார். ஆடு வரிசையா வரும். ரெண்டு மூணு விநாடியில ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லுவார், முதுகுல கலர் போட்டு அனுப்பிருவாங்க. ரெட்டைக்காரிக்கு நல்ல புல்லு, மூணுக்காரிக்கு அதை விட நல்ல புல்லு. அதே வாரம் எனக்கும் அஞ்சாம் மாச ஸ்கேன். எண்பது கிலோமீட்டர் தள்ளி இன்வர்கார்கில் போயி, முட்ட முட்டத் தண்ணி குடிச்சுட்டுக் காத்திருந்தேன். ஆட்டுக்கு இருந்த மரியாதை எனக்கில்ல. ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டீங்க. நம்ம நாட்டுல 1994 சட்டப்படி சொல்லக் கூடாது; இங்க கேட்டாச் சொல்லுவாங்க. நாங்க கேக்கல. ஒண்ணுதான்னு மட்டும் உறுதி பண்ணிக்கிட்டோம்.

இங்க மாசமா இருக்கறவங்களுக்கு டாக்டரை விட மிட்வைஃப்தான் எல்லாம். நாமளே ஒருத்தரைப் பேசி வெச்சுக்கணும். ஆரம்பத்துல இருந்து குழந்தைக்கு ஆறு வாரம் ஆகற வரைக்கும் அதே அம்மாதான் பாப்பாங்க. எங்களை மாதிரி நிரந்தரமா இருக்கறவங்களுக்குக் காசு கெடையாது. நம்ம மருத்துவச்சிப் பாட்டி மாதிரியேதான், ஆனா காரும் லேப்டாப்பும் உண்டு. இந்த ஊர்லயே ஒரு பிரசவ விடுதி இருந்துது. 2019-ல இருந்து அங்க பிரசவம் பாக்கறதில்ல. அதனால வலி எடுத்தா இன்வர்கார்கில்தான். "நடுவுல ரோட்டுல ஆட்டு மந்தை வந்தா ஆரன் அடிக்காதீங்க, பின்னாலயே மெதுவா ஊர்ந்து போங்க"ன்னு அந்தம்மா சொன்னாங்க. வலியில இருக்கறவகிட்டச் சொல்ற பேச்சா இது?

அந்தம்மா குடுத்த பத்தியக் கணக்கைக் கேட்டா அம்மாயி தோத்துப் போவாங்க. பூனையோட மலத்தை அள்ளக் கூடாது. தொட்டிச் செடி மண்ணு மூட்டையைப் பிரிக்கறப்போ முகமூடி போடணும், அதுல ஒரு காய்ச்சல் கிருமி இருக்குமாம். வெட்டி வெச்ச சாலட் ஆகாது, மிருதுவான சீஸ் ஆகாது, மெசின்ல புழிஞ்சு தர்ற ஐஸ்கிரீம் ஆகாது. எள்ளு அரைச்சுப் போட்ட ஹம்மஸும் ஆகாது. மாசமா இருக்கறப்போ எள்ளு தொடாதேன்னு அம்மாயி போன்ல சத்தம் போட்டாங்கல்ல, அந்த விஷயத்துல அவங்களும் நியூசிலாந்து அரசாங்கமும் ஒரே கட்சி. பப்பாளியைப் பத்தி மட்டும் இங்க யாரும் வாயைத் தொறக்கல. தெரிஞ்சாத்தானே பேசறதுக்கு, இந்தக் குளிர்ல அது மொளைக்கவே மொளைக்காது.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: குட்டி போடற ஆட்டுக்குப் பக்கத்துலயே போகக் கூடாது. பொறந்த குட்டியைத் தொடக் கூடாது. அதுகளைத் தொட்டவங்க துணியைக்கூடத் துவைக்கக் கூடாது. ஆட்டுக்கிட்ட இருந்து வர்ற சில கிருமி கருவைக் கலைச்சுப் போடுமாம். சுத்தி நாலு பக்கமும் ஆடு குட்டி போடற மாசத்துல, ஜன்னலுக்குப் பின்னால உக்காந்து இதைப் படிக்கறேன்.

இங்கதான் மாப்பிள்ளை தூக்கம் போன கதை வருது. மூணு குட்டி போட்டா ஆட்டுக்குக் காம்பு ரெண்டுதானே? உங்க மேச்சேரி ஆடு பெரும்பாலும் ஒண்ணோட நிறுத்திக்கும், இந்தக் கஷ்டம் உங்களுக்கு வந்திருக்காது. மூணாவதை வேற தாய்கிட்ட ஒட்டிப் பாப்பாங்க. குட்டி செத்துப்போன ஆடு இருந்தா, செத்ததோட தோலை உரிச்சு இதுக்குச் சட்டை மாதிரி மாட்டி விடுவாங்க, மோந்து பார்த்துட்டு ஏத்துக்கும். அப்படியும் மிஞ்சினது புட்டிப்பால்தான். அந்தப் பண்ணைக்காரர் ஒரு நா பொழுதோட வந்து, "ரெண்டு குட்டி வேணுமா?"ன்னு கேட்டிருக்கறார். உங்க மாப்பிள்ளைக்குத் தலையாட்டத்தான் தெரியும். வாங்கி வெச்சுக்கிட்டார்.

அன்னையில இருந்து நாலு மணி நேரத்துக்கு ஒருக்காப் புட்டி. சீம்பால்கூட இங்க பவுடராப் பையில விக்குது. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு, தலையில லைட்டைக் கட்டிட்டு கொட்டாய்க்குப் போவார். திரும்பி வந்தா நான் வீட்டுக்குள்ள விட மாட்டேன். வெளிய இருக்கற துணி துவைக்கற ரூம்ல எல்லாத்தையும் கழட்டி, அவரே மெசின்ல போட்டு, வெந்நீர்ல கை கழுவி, நடுங்கிட்டே உள்ள வருவார். வெளிய புல்லு மேல உறைபனி. விடிஞ்சதும் பூனைக்கு மண்ணு மாத்தறது, துரைக்குக் கோட்டு மாட்டறது, வெறகு பொளக்கறது. அப்புறம் பால் ஆலைக்குப் போயி நாளெல்லாம் பால் வேலை. சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போகச் சொன்னாப் பரீட்சைன்னு சொல்லித் தப்பிச்ச ஆளுன்னு அவங்க வீட்டுல சொல்லுவாங்க. இப்ப வசமாச் சிக்கிட்டார்.

உங்களுக்குப் புடிச்ச மாதிரி ஒரு தகவல். 1907-ல டுனெடின்ல ட்ரூபி கிங்னு ஒரு டாக்டர் குழந்தை வளர்ப்புக்குன்னு பிளங்கட் சங்கத்தை ஆரம்பிச்சார். இன்னைக்கும் அந்த நர்சுங்க வீடு தேடி வந்து குழந்தையை எடை போட்டுப் பாக்கறாங்க. அந்த டாக்டர் அதுக்கு முன்ன இருந்தே ஒரு மனநல ஆஸ்பத்திரியைப் பார்த்துட்டிருந்தார். அங்க இருந்த பண்ணையில கன்னுக்குட்டிகளுக்கு எப்படிப் பாலைக் கரைச்சுக் குடுத்தாக் கழிச்சல் வராதுன்னு ஆராய்ச்சி பண்ணித்தான் குழந்தைகளுக்கே வந்து சேர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்து நாலு மணி நேரத்துக்கு ஒருக்காப் பாலு, ராத்திரி அழுதாலும் குடுக்காதே, ரொம்பக் கொஞ்சாதேன்னு தாய்மாருக்குச் சட்டம் போட்டவர். இப்ப யாரும் அப்படிச் சொல்றதில்ல. ஆனா மாப்பிள்ளை சொல்றார், நாலு மணிக் கணக்கு ஆட்டுக்குட்டிக்குச் சரியா வருதாம், ராத்திரிச் சட்டத்தை மட்டும் யாராவது குட்டிககிட்ட எடுத்துச் சொன்னாத் தேவலையாம்.

1982-ல இந்த நாட்டுல ஏழு கோடி ஆடு, ஆளுக்கு இருபத்திரெண்டு. இப்ப ஆளுக்கு அஞ்சுக்கும் கம்மி. கம்பளி வெலை விழுந்து, ரோமம் வெட்டற கூலிக்கே கட்டுபடியாகலைன்னு பண்ணைக்காரர் பொலம்பறார். வெட்டற அளவுக்கு ரோமமே இல்லாத ஆடு எங்க அப்புச்சிகிட்ட இருக்குதுன்னு சொன்னேன். நம்பல. போட்டோ ஒண்ணு அனுப்புங்க.

கடைசியா முக்கியமான விஷயம். அம்மா நவம்பர் முதல் வாரம் வர்றாங்க. இங்க எறங்கறப்போ, போன 30 நாளுக்குள்ள பண்ணைக்குப் போனீங்களா, கால்நடையைத் தொட்டீங்களான்னு கேப்பாங்க. கோமாரி இந்த நாட்டுக்குள்ள இதுவரைக்கும் வந்ததே இல்ல, அந்தப் பயம். தப்பாச் சொன்னா நின்ன எடத்துலயே 400 டாலர் அபராதம். அதனால அம்மாவைப் புரட்டாசி பாதியில இருந்தே தோட்டத்துப் பக்கமே விடாதீங்க. உங்க செவலை ஐப்பசியில கன்னு போடும்னு கேள்விப்பட்டேன். சாணி நாத்தம் ஆகாதவங்கதான், ஆனா சீம்பால்னா மொத ஆளா வந்து நிப்பாங்க. நீங்களே காய்ச்சித் தூக்குப்போசியில ஊத்திக் கோயமுத்தூருக்குக் குடுத்தனுப்பிருங்க. போசியைக் கையோட திருப்பி வாங்கிக்குங்க. இல்லாட்டி அம்மா அதுல தேன் கலந்த லேகியத்தை அடைச்சு இங்க கொண்டாந்துருவாங்க. தேனுக்கு இங்க அனுமதியே கெடையாது.

அம்மாயிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்க அம்மிணி