கனால் வியூக்காரர்

ஹாலந்துக்கு வந்து நாலைந்து வருஷம் வாடகை வீடுகளில் மூட்டை முடிச்சோடு அலைந்த நம்மவர் ஒருவர் சொந்த வீடு வாங்கிவிட்டால், அவரிடமிருந்து வீட்டின் படம் வராது. தண்ணீரின் படம்தான் வரும். விடியற்காலையில் தண்ணீர், அந்தியில் தண்ணீர், வாத்தோடு தண்ணீர், வாத்து போன பிறகு தண்ணீர். இவர்தான் கனால் வியூக்காரர். ஆம்ஸ்டெல்வேனிலும் அல்மேரேயிலும் இவரைப் பார்க்கலாம். நான் அதிகம் பார்த்தது ஸ்கிப்ஹோல் விமான நிலையத்தை ஒட்டிய ஹோஃப்டோர்ப்பில். நான் நாலாவது மாடிக்காரன். என் பால்கனியில் நின்றால் சைக்கிள் ஷெட் தெரியும். ஆகவே இனிமேல் சொல்வதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் கலந்திருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

அவர் வீட்டுக்குப் போனால் ஷூவைக் கழற்றிய கையோடு கொல்லைப்பக்கம் அழைத்துப் போய்விடுவார். கூடம், சமையலறை எல்லாம் போகிற வழி. கண்ணாடிக் கதவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, "எப்படி?" என்பார். குருக்கள் திரையை விலக்கித் தீபாராதனை காட்டுகிற தோரணை. நாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறைதான். "பிரமாதம் சார்" என்று வாயைத் திறக்கும்வரை காபி வராது.

தண்ணீர் என்னவோ நாலு மீட்டர் அகலம். அக்கரைக்காரர் தும்மினால் இக்கரையிலிருந்து 'நூறு' சொல்லலாம். படத்தில் மட்டும் அது முக்கொம்புக்கு மேலே அகண்ட காவிரியாக விரிந்து கிடக்கும். அந்த ரகசியத்தை ஒரு நாள் கண்ணால் பார்த்துவிட்டேன். மனிதர் கரையோரப் பலகை மேடையில் குப்புறப் படுத்திருந்தார். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்து, அதன் லென்ஸ் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி கையை நீட்டியிருந்தார். ஒரு காலை அவர் மனைவி பிடித்துக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டு டச்சுக்காரர் அதை 'ஸ்லோட்' என்கிறார். ஆம்ஸ்டர்டாம் படங்களில் வருகிற அழகான கால்வாய்க்கு அவர்கள் பாஷையில் வேறு சொல் இருக்கிறது. ஸ்லோட் என்றால் சாதாரண வாய்க்கால். நம்மவருக்கும் இது தெரியும், வெளியே சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், கும்பகோணம் பக்கத்தில் இவர் பிறந்த வீட்டின் பின்னாலும் ஒரு வாய்க்கால் உண்டு. இதைவிட அகலம். ஆனால் மூன்று தலைமுறையில் ஒருவர்கூட அதை வியூ என்று சொன்னதில்லை. பாத்திரம் தேய்க்கிற இடம், அவ்வளவுதான்.

வீடு வாங்கிய அன்று ஊருக்குப் போன் போட்டார். அப்பா பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர்.

"எந்த இடம்டா?"

"ஹார்லெம்மர்மேர்னு பேருப்பா. மேர்னா ஏரி."

"ஏரி பக்கத்துலயா?"

"ஏரி இப்ப இல்லப்பா. வத்த வெச்சுட்டாங்க. வீடு இருக்கிறதே ஏரிக்குள்ளதான்."

மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "ஏரிப் புறம்போக்குல வாங்கிட்டியேடா பாவி! பட்டா எவன் குடுத்தான்?"

ஏரியை வளைத்தது அரசாங்கமேதான், 1849-ல் தொடங்கி 1852-க்குள் மூன்று நீராவி நிலையங்களை வைத்துச் சுமார் 18,000 ஹெக்டேர் தண்ணீரை இறைத்துத் தீர்த்தார்கள், அதன் தரையில்தான் இந்த ஊரும் விமான நிலையமும் இருக்கின்றன, கடல் மட்டத்துக்குச் சுமார் நாலு மீட்டர் கீழே என்றாலும் பயமில்லை என்று மகன் அரைமணி நேரம் விளக்கினார். 'கீழே' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் முழுங்கித்தான் சொன்னார். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "2015 டிசம்பர்ல வேளச்சேரி மொட்டை மாடியில ரெண்டு நாள் உக்காந்திருந்தாளே உன் அத்தை, அவளும் வாங்கும்போது இதையேதான் சொன்னா. அப்ரூவ்டு லேஅவுட்டுன்னு."

குடிபோன சில மாதத்தில் நீர் வாரியத்தின் வரி வந்தது. குடிநீருக்கு ஏற்கெனவே தனி பில் கட்டியாகிவிட்டது. இது சாக்கடை நீரைச் சுத்தம் செய்யவும், ஊருக்குள் தண்ணீர் ஏறாமல் பார்த்துக்கொள்ளவும். இந்த வாரியங்கள் 13-ம் நூற்றாண்டிலிருந்து இருக்கின்றன. நாடு உருவாகும் முன்பே இவை உருவாகிவிட்டன. இவற்றுக்கென்று தனித் தேர்தல்கூட உண்டு. ஆனால் காவிரி டெல்டாப் பிள்ளைக்கு இது எப்படி ஜீரணமாகும்? ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்று வானத்தைப் பார்த்த பரம்பரை. தண்ணீர் வந்து சேர்ந்தால் பூவும் நெல்லும் தூவிக் கும்பிடுகிற ஊர். இன்றைக்கும் இவர் காலையில் பல் தேய்க்கும் முன்பு மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. "தண்ணி வர்றதுக்கு ஒரு பில்லு, வராம இருக்கிறதுக்கு ஒரு பில்லா சார்?" என்று என்னிடம் கேட்டார். கட்டிவிட்டுத்தான் கேட்டார்.

மார்ச்சில் தள்ளுபடியில் ரப்பர் படகு ஒன்று வாங்கி, காற்றடித்து, மேடையோரம் கட்டினார். மறுவாரம் அதில் ஒரு ஜோடி நாமக்கோழி கூடு கட்டிவிட்டது. கறுத்த உடம்பு, நெற்றியில் பளீரென்று வெள்ளை நாமம். நம் ஊர் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே பறவை. முட்டையிடும் பருவத்தில் கூட்டைத் தொடக்கூடாது, சட்டம். கிட்டப் போய்ப் பார்த்தேன். நாணல் தட்டை, சிப்ஸ் உறை, முகக்கவசத்தின் நாடா, அதற்கு நடுவே முட்டைக்கு மெத்தையாக, அவர் மாமியார் ஊரிலிருந்து சீடை அனுப்பிய பிளாஸ்டிக் கவர். தாய்ப்பறவை என்னைப் பார்த்து 'க்விக்' என்றது. போ என்று அர்த்தம். போட்ட காசுக்கு நாமம் விழுவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவ்வளவு நேரடியாக விழுந்து பார்த்ததில்லை. குஞ்சு பொரித்து, வளர்ந்து, அவையாகப் பார்த்துக் காலி செய்யும்வரை படகின் சொந்தக்காரர் தன் படகை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

படகேறியிருந்தாலும் ஆபத்துதான். மனிதருக்கு நீச்சல் தெரியாது. அவருடைய ஏழு வயது மகளுக்குத் தெரியும். இங்கே பிள்ளைகளுக்கு நீச்சல் டிப்ளமா என்று ஒன்று இருக்கிறது. உடுப்பும் ஷூவும் போட்டபடி நீந்த வேண்டும், தண்ணீருக்கடியில் தொங்கும் படுதாவின் ஓட்டை வழியாக நுழைந்து வர வேண்டும். வாங்கிவந்த அன்று அவள் அப்பாவைக் கேட்டாள், "உங்ககிட்ட டிப்ளமா இருக்காப்பா?"

"பி.இ. இருக்கும்மா" என்றார்.

அப்பா செப்டம்பரில் தொண்ணூறு நாள் விசாவில் வந்து இறங்கினார். கண்ணாடிக் கதவு தள்ளப்பட்டது. "எப்படிப்பா?" பெரியவர் குனிந்து பார்த்தார். "ஓட்டமே இல்லையே. மதகு எங்க இருக்கு?"

ஆம்ஸ்டர்டாமில் படகு சவாரி கூட்டிப்போனதில் தூங்கிவிட்டார். ஏரியை இறைத்த மூன்று நிலையங்களில் ஒன்றான க்ரூகியஸ் இப்போது அருங்காட்சியகம். அங்கே போனதும் விழித்துக்கொண்டார். 144 அங்குலம் குறுக்களவுள்ள நீராவி சிலிண்டரைச் சுற்றிச் சுற்றி வந்தார். மூடும் நேரம்வரை நகரவில்லை. 1933 வரை அது பணியில் இருந்தது என்று கேட்டதும், "அடுத்த வருஷம் நம்ம மேட்டூர் முடிஞ்சிருச்சு" என்றார். ஒரு பொறியாளர் இன்னொருவரிடம் சார்ஜ் ஒப்படைத்த மாதிரி இருந்ததாம்.

அக்டோபரில் நீர் வாரியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மொழிபெயர்த்துப் பார்த்த நம்மவர் முகம் வெளுத்து என்னிடம் ஓடிவந்தார். வாய்க்காலை ஒட்டி மனை வைத்திருப்பவர் தன் பங்குக்குப் பாசியையும் நாணலையும் நீக்கித் தண்ணீர் தடையின்றி ஓட வைக்க வேண்டும், ஆள் வந்து பார்வையிடுவார், செய்யாவிட்டால் நடவடிக்கை. வியூவோடு மண்வெட்டியும் சேர்த்து வாங்கியிருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஆள் வைத்தால் என்ன கூலி என்று விசாரித்ததில் இன்னும் கொஞ்சம் வெளுத்தார்.

அப்பாவுக்கோ கடிதத்தைக் கேட்டதும் முகமெல்லாம் வெளிச்சம். "குடிமராமத்துடா! நம்ம ஊர்ல செத்துப்போச்சுன்னு நெனச்சேன், இங்க வந்து குடியேறியிருக்கு."

அந்தச் சனிக்கிழமை ஏழு டிகிரி குளிர். பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டி, அடியில் மகனின் டிராக் பேன்ட், முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையில் குரங்குக் குல்லாயோடு கரையில் இறங்கினார். கையில் நீளக் காம்பு வாரி. பக்கத்து வீட்டு டச்சுக்காரர் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார், உள்ளே போனார், தன் வாரியோடு திரும்பி வந்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. கனால் வியூக்காரர் வாரிய பாசியைக் கரை விளிம்பிலேயே போட்டபோது, "உள்ள சரியும்டா, தள்ளிப் போடு" என்று தமிழில் ஒருவர் அதட்டினார். அதையே டச்சில் இன்னொருவர் அதட்டினார். பதினொரு மணிக்கு டச்சுக்காரர் வீட்டுக் காபி வந்தது, ஆளுக்கு ஒரு பிஸ்கட். ஒன்றே ஒன்று, டப்பா உடனே மூடப்பட்டது. பெரியவருக்கு இரண்டாவது கிடைத்தது என்று கேள்வி. இந்த நாட்டில் அது பத்ம விருது மாதிரி.

மத்தியானம் பெரியவர் நிமிர்ந்து நின்று, நின்ற வாக்கில் ஒரு படம் எடுத்தார். குப்புறப் படுக்கவில்லை. ஆகவே நாலு மீட்டரும் நாலு மீட்டராகவே விழுந்தது, கரையில் குவித்த சேற்றோடும், சேற்றுக்கு நடுவே நின்ற மகனோடும். இரண்டு வருஷமாக அந்தியும் வாத்துமாக வந்துகொண்டிருந்த குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டு, கீழே எழுதினார்:

"தம்பி வீட்டு வாய்க்கால் தூர் வாரியாச்சு."

ஒரு நிமிஷத்தில் கும்பகோணத்திலிருந்து சித்தப்பாவின் பதில் வந்தது.

"தண்ணி வந்துருச்சாண்ணே?"